ஸ்பேனர் கேட்காத மோட்டார் சைக்கிள்: பிலிப் வின்சென்ட்டின் கதை

1946ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு வந்தது. அதன் பின்சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர் வேண்டியதில்லை. கையாலேயே திருகிக் கழற்றி, கையாலேயே மாட்டிவிடலாம். அதே வண்டி மணிக்கு 110 மைல், அதாவது ஏறத்தாழ 177 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். மற்ற மோட்டார் சைக்கிள்களுக்கு இருப்பதுபோல் இன்ஜினைச் சுற்றி வளைந்து செல்லும் இரும்புக் குழாய்ச் சட்டகம் அதற்குக் கிடையாது.

வின்சென்ட் ரேப்பிட் என்பது அதன் பெயர். அதற்குத் தம் பெயரைக் கொடுத்தவர் பிலிப் கான்ராட் வின்சென்ட்.

தொழிற்பயிற்சிக் கல்லூரியில் இயந்திர வரைபடம் கற்றுக்கொடுப்பது என் வேலை. பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களைப் பற்றிப் படிப்பது என் பொழுதுபோக்கு. ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் வரும்போது, இந்த வண்டியின் வெட்டுத்தோற்றப் படம் ஒன்றை வகுப்பறைப் பலகையில் ஒட்டிவைப்பேன். ஒரு பாகத்தைக் காட்டி, இது எதற்காக இங்கே இருக்கிறது என்று கேட்பேன். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட விடை கிடைக்கும். ஒரு பாகம் இரண்டு வேலை, சில இடங்களில் மூன்று வேலை செய்யும். அப்படிச் சிந்தித்த மனிதரின் வாழ்க்கையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

பண்ணையிலிருந்து பட்டறைக்கு

வின்சென்ட் 1908ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய குடும்பத்துக்குத் தென் அமெரிக்காவின் அர்ஜென்டினாவில் பெரிய மாட்டுப் பண்ணை இருந்தது. சிறுவயதை அங்கே கழித்தார். பிறகு படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஹாரோ பள்ளியில் படித்துவிட்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படிக்கச் சென்றார்.

பள்ளி நாள்களிலேயே மோட்டார் சைக்கிள் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரத்தில் மட்டுமே ஸ்பிரிங் இருந்தது. பின்சக்கரம் சட்டகத்தோடு இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். சாலையில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் ஓட்டுபவரின் முதுகெலும்பில் வந்து மோதும். வேகமாகப் போனால் பின்சக்கரம் துள்ளித் துள்ளித் தரையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத சக்கரம் வண்டியைத் தள்ளவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

இதற்கு வழி தேடினார் மாணவர் வின்சென்ட். பின்சக்கரத்தைத் தாங்கும் பகுதியை ஒரு முக்கோணமாக அமைத்தார். முக்கோணத்தின் ஒரு முனை வண்டியோடு கீல்போல் இணைந்திருக்கும். சக்கரம் மேலே எழும்பும்போது, முக்கோணத்தின் மேல்முனை இருக்கைக்குக் கீழே உள்ள ஸ்பிரிங்குகளை அழுத்தும். 1928ஆம் ஆண்டு இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 20.

1970களில் யமஹா நிறுவனம் மோனோஷாக் என்ற பெயரில் பின்சக்கர ஸ்பிரிங் அமைப்பு ஒன்றைப் பந்தய வண்டிகளில் கொண்டுவந்து புகழ்பெற்றது. அதன் அடிப்படையும் இதே முக்கோணம்தான். வின்சென்ட் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் முந்திவிட்டார்.

கையில் நல்ல எண்ணம் இருந்தது. ஆனால் இருபது வயது இளைஞரின் பெயரை நம்பி யார் வண்டி வாங்குவார்கள்? அந்த நேரத்தில் எச்.ஆர்.டி. என்ற சிறிய நிறுவனம் பணமின்றி மூடப்பட்டிருந்தது. அதைத் தொடங்கியவர் ஹோவர்ட் டேவிஸ் என்ற பந்தய வீரர். 1925ஆம் ஆண்டு ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த சீனியர் டிடி பந்தயத்தில், தாமே தயாரித்த வண்டியை ஓட்டி வென்றவர் அவர். அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்தது. தந்தையின் பண உதவியோடு அந்த வணிகப் பெயரை வின்சென்ட் வாங்கினார். லண்டனுக்கு வடக்கே ஸ்டீவனேஜ் என்ற ஊரில் வின்சென்ட் எச்.ஆர்.டி. நிறுவனம் பிறந்தது.

தொடக்கம் எளிதாக இல்லை. பின்சக்கர ஸ்பிரிங் ஆபத்தானது, வண்டி வளைந்து ஆடும் என்று அந்தக் காலத்து வாடிக்கையாளர்கள் பலர் நினைத்தார்கள். வழக்கமான வண்டியின் தோற்றத்துக்குப் பழகிய கண்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வின்சென்ட் ஸ்பிரிங்கைக் கைவிடவில்லை. அதன் பிறகு அவர் தயாரித்த பெரிய மோட்டார் சைக்கிள்கள் எல்லாவற்றிலும் அந்த அமைப்பு இருந்தது.

மூன்றும் நின்றன

1931ஆம் ஆண்டு பில் இர்விங் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் அவரோடு சேர்ந்தார். இர்விங் இங்கிலாந்துக்கு வந்த விதமே ஒரு கதை. வின்சென்ட் வண்டி ஒன்றில் உலகைச் சுற்றிக்கொண்டிருந்த ஒருவருடன் ஆஸ்திரேலியாவில் சேர்ந்துகொண்டு, அந்த வண்டியிலேயே பயணம் செய்து இங்கிலாந்து வந்து சேர்ந்தார். வின்சென்ட் பெரிய கனவுகளைக் காண்பவர். இர்விங் அந்தக் கனவை மில்லிமீட்டர் கணக்கில் தாளில் இறக்குபவர். இருவரும் ஒருவருக்கொருவர் பொருந்தினார்கள்.

அதுவரை நிறுவனம் வெளியிலிருந்து இன்ஜின் வாங்கித்தான் வண்டி கட்டியது. 1934ஆம் ஆண்டு டிடி பந்தயத்துக்கு அப்படி வாங்கிய இன்ஜின்கள் பொருத்திய மூன்று வண்டிகளை அனுப்பினார்கள். மூன்றும் பழுதாகிப் பாதியில் நின்றன.

அன்று வின்சென்ட் எடுத்த முடிவு அவருடைய வாழ்க்கையையே மாற்றியது. இனி இன்ஜினையும் நாமே செய்வோம் என்று தீர்மானித்தார். பந்தயம் நடந்தது ஜூன் மாதம். நவம்பரில் லண்டன் மோட்டார் சைக்கிள் கண்காட்சி. அந்தச் சில மாதங்களுக்குள் இர்விங்கும் அவரும் 499 சிசி கொண்ட ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினை வடிவமைத்துக் கண்காட்சியில் வைத்துவிட்டார்கள்.

அவசரமாகச் செய்த இன்ஜின் என்று எண்ணிவிடாதீர்கள். அதன் வால்வு அமைப்பைப் பாருங்கள். வால்வு என்பது சிலிண்டருக்குள் காற்றையும் எரிபொருளையும் விடும் கதவு. அது நேராக மேலும் கீழும் அசைய வேண்டும். சாய்ந்தால் விரைவில் தேய்ந்துவிடும். வழக்கமான இன்ஜின்களில் ராக்கர் எனப்படும் நெம்புகோல், வால்வுத் தண்டின் உச்சியில் தட்டும். தட்டும் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் சிறிது தள்ளும். இர்விங் தண்டின் நடுப்பகுதியில் ஒரு கழுத்து அமைத்து, ராக்கர் அங்கே அழுத்தும்படி செய்தார். அந்த இடத்துக்கு மேலே ஒரு வழிகாட்டிக் குழல், கீழே ஒரு வழிகாட்டிக் குழல். இரண்டு கைகளால் பிடித்ததுபோல் வால்வு நேராக நிற்கும். வால்வு ஸ்பிரிங்கும் சிலிண்டரின் சூட்டிலிருந்து விலகி மேலே போய்விட்டது. ஒரு மாற்றம், இரண்டு பயன்.

இந்த இன்ஜின் பொருத்திய காமெட் என்ற வண்டி மணிக்கு 90 மைல் வரை ஓடியது. அந்தக் காலத்து 500 சிசி சாலை வண்டிக்கு அது பெரிய வேகம்.

இரண்டு தாள்கள், ஒரு பெரிய இன்ஜின்

அடுத்து நடந்ததை இர்விங் பிற்காலத்தில் பலமுறை விவரித்திருக்கிறார். ஒருநாள் அவருடைய வரைபட மேசையில் அந்த ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினின் இரண்டு வரைபடங்கள் கிடந்தன. இரண்டும் ஒளி ஊடுருவும் தாள்கள். ஒன்று புரண்டு மற்றொன்றின்மேல் விழுந்திருந்தது. கீழ்ப்பகுதி ஒன்றாகப் பொருந்த, இரண்டு சிலிண்டர்களும் ஆங்கில வி எழுத்தைப் போல விரிந்து தெரிந்தன.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் சிலிண்டர், பிஸ்டன், வால்வு ஆகியவற்றையே இரண்டிரண்டாகப் பயன்படுத்தி 998 சிசி இன்ஜின் செய்துவிடலாம் என்பது அவருக்குப் புரிந்தது. வின்சென்ட் அதைப் பார்த்ததும் உடனே ஒப்புக்கொண்டார். 1936ஆம் ஆண்டு முதல் ரேப்பிட் வெளிவந்தது. நம் ஊரில் பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வரும் கப்சாய் மோட்டாரின் இன்ஜின் பெரும்பாலும் 110 முதல் 150 சிசிதான். அதோடு ஒப்பிட்டால் ரேப்பிட்டின் அளவு புரியும்.

மேசையில் தாள் விழுந்ததைத் தற்செயல் எனலாம். ஆனால் விழுந்த தாளில் இன்ஜினைப் பார்க்கத் தெரிந்த கண் தற்செயலாக வந்ததல்ல. அந்த ஒற்றைச் சிலிண்டரின் ஒவ்வொரு கோட்டையும் தம் கையால் வரைந்தவர் அவர்.

முதல் ரேப்பிட்டில் குறைகளும் இருந்தன. எண்ணெய் செல்லும் குழாய்கள் இன்ஜினுக்கு வெளியே குறுக்கும் நெடுக்குமாக ஓடின. பார்த்தவர்கள் அதைக் குழாய்க்காரரின் கெட்ட கனவு என்று கேலி செய்தார்கள். வெளியிலிருந்து வாங்கிய கியர்பாக்ஸும் கிளட்சும் இன்ஜினின் வலிமையைத் தாங்க முடியாமல் திணறின. எண்பதுக்கும் குறைவான வண்டிகளே செய்யப்பட்ட நிலையில், 1939இல் போர் வந்துவிட்டது.

சட்டகம் எதற்கு?

இரண்டாம் உலகப் போரின்போது தொழிற்சாலை போர்க் கருவிகளுக்கான பாகங்களைச் செய்தது. ஆனால் வின்சென்ட்டும் இர்விங்கும் போர் முடிந்ததும் செய்ய வேண்டிய வண்டியைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டே இருந்தார்கள்.

பழைய ரேப்பிட் நீளமாக இருந்தது. அதைக் குறைக்க வேண்டும். இன்ஜினுக்கு முன்னால் ஒரு சட்டகக் குழாய் கீழிறங்கி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குழாய் எதற்கு என்று கேட்டுக்கொண்டார்கள். இன்ஜினைத் தாங்குவதற்கு. சரி, அலுமினியத்தால் வார்த்த அந்தப் பெரிய இன்ஜின் தானே ஒரு கனமான, வளையாத கட்டை அல்லவா? அதைத் தாங்க இன்னொன்று எதற்கு?

குழாயை எடுத்துவிட்டார்கள். இன்ஜினின் மேற்பகுதியை வண்டியின் முதுகெலும்பு போன்ற ஓர் எஃகுப் பெட்டியோடு முடுக்கினார்கள். அந்தப் பெட்டியின் முன்முனையில் கைப்பிடியும் முன்சக்கரக் கவையும். பின்சக்கரத்தைத் தாங்கும் முக்கோணத்தை, இன்ஜினோடு சேர்த்து வார்த்த கியர்பாக்ஸின் பின்புறத்தில் கீல் வைத்துப் பொருத்தினார்கள். இன்ஜினே வண்டியின் உடம்பாகிவிட்டது.

இன்னொன்றையும் செய்தார்கள். முதுகெலும்புப் பெட்டி உள்ளே வெறுமையாக இருந்தது. அதையே எண்ணெய்த் தொட்டியாக்கினார்கள். தனித் தொட்டியின் எடையும் இடமும் மிச்சம். முந்திய வண்டியின் கேலிக்குரிய வெளிக்குழாய்களில் பெரும்பாலானவை இன்ஜினுக்குள்ளேயே துளைகளாக மறைந்தன. இரண்டு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் 56 அங்குலமாகச் சுருங்கியது. ஆயிரம் சிசி இன்ஜினைச் சுமந்த வண்டி, 500 சிசி வண்டியின் அளவில் நின்றது.

இன்று பல பந்தய மோட்டார் சைக்கிள்களில் இன்ஜின் சட்டகத்தின் பகுதியாக வேலை செய்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஸ்டீவனேஜ் நினைவுக்கு வருகிறது.

ஓட்டுபவரை நினைத்த வடிவமைப்பு

வகுப்பில் நான் அதிக நேரம் நிற்பது இந்தப் பகுதியில்தான். வின்சென்ட் மாதக்கணக்கில் தம் வண்டிகளைத் தாமே ஓட்டிப் பார்த்தவர். மழையில், இரவில், சாலையோரத்தில் டயர் பஞ்சரானால் என்ன பாடு என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே சக்கர அச்சின் முனையில் ஒரு சிறிய கைப்பிடிக் கம்பி வைத்தார். அதைக் கையால் சுழற்றினால் அச்சு கழன்றுவிடும். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் செயின் பல்சக்கரம் பொருத்தலாம். ஒன்று சிறியது, ஒன்று பெரியது. வண்டியோடு சைட்கார் இணைத்துக் குடும்பத்தோடு செல்பவர், சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் போதும். கனமான சுமையை இழுக்க ஏற்ற பல்சக்கரம் செயின் பக்கம் வந்துவிடும்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு பிரேக், ஆக மொத்தம் நான்கு. கால் வைக்கும் இடம், பிரேக் மிதி, கியர் மிதி, இருக்கை எல்லாவற்றையும் ஓட்டுபவரின் உயரத்துக்கு ஏற்ப நகர்த்தலாம். துருப்பிடிக்கக்கூடிய இடங்களில் துருப்பிடிக்காத எஃகைத் தாராளமாகப் பயன்படுத்தினார்.

1948ஆம் ஆண்டு இன்னும் வேகமான வண்டி வந்தது. தேர்ந்தெடுத்த பாகங்களை மெருகேற்றிக் கட்டிய இன்ஜினுக்குக் கறுப்பு வண்ணம் பூசினார்கள். அதுதான் பிளாக் ஷேடோ. 55 குதிரைத்திறன், மணிக்கு 125 மைல், அதாவது 200 கிலோமீட்டர். ஐந்து அங்குல அகலத்தில், 150 மைல் வரை எண்கள் கொண்ட ஸ்பீடோமீட்டர் ஓட்டுபவரின் முகத்துக்கு நேரே நிற்கும். அன்று சாலையில் ஓடிய வண்டிகளில் அதற்கு நிகரானது வேறு இல்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 13ஆம் தேதி, அமெரிக்காவின் போனவில் உப்புப் பாலையில் ரோலி ஃப்ரீ என்ற வீரர் பந்தயத்துக்காகத் தயாரித்த வின்சென்ட் வண்டி ஒன்றை ஓட்டினார். முதல் முயற்சியில் அவருடைய தோல் உடை காற்றில் கிழிந்தது. காற்றின் தடையைக் குறைக்க உடையைக் களைந்துவிட்டு, நீச்சல் கால்சட்டையோடு வண்டியின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு மீண்டும் ஓட்டினார். மணிக்கு 150.313 மைல், ஏறத்தாழ 242 கிலோமீட்டர். அந்தப் புகைப்படம் மோட்டார் சைக்கிள் வரலாற்றில் மிகவும் புகழ்பெற்றது. நம் மாணவர்கள் அந்த வேகத்தை வியக்கலாம். அந்த உடையைப் பின்பற்ற வேண்டாம்.

நல்ல வண்டி என்றால் ஏன் மூடினார்கள்?

ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவி இந்தக் கேள்வியைக் கேட்டார். இவ்வளவு சிறந்த வண்டி என்றால், அந்த நிறுவனம் இன்று ஏன் இல்லை என்றார். நான் அன்று பாடத்தை நிறுத்திவிட்டு இதற்குத்தான் பதில் சொன்னேன்.

வின்சென்ட்டின் வண்டி விலை உயர்ந்தது. அதில் கைவேலை அதிகம். உயர்ந்த உலோகங்கள் அதிகம். தொழிற்சாலையோ சிறியது. பெரிய நிறுவனங்களைப்போல் ஒரே பாகத்தை இலட்சக்கணக்கில் செய்து செலவைக் குறைக்க வழியில்லை. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் மக்கள் கையில் பணம் குறைவு. அந்த விலையைக் கொடுக்க முடிந்தவர்களும், குடும்பத்தோடு மழையில் நனையாமல் போக ஒரு சிறிய காரை நாடத் தொடங்கினார்கள்.

துன்பங்கள் சேர்ந்தே வந்தன. 1947இல் வின்சென்ட் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கித் தலையில் காயமடைந்தார். 1949இல் கடன் சுமையால் நிறுவனத்தின் நிதி நிர்வாகம் வேறொருவர் கைக்குப் போனது. இர்விங் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினார்.

வின்சென்ட் தளரவில்லை. காரைப்போல் மழையும் சேறும் படாத மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று எண்ணி, கண்ணாடியிழைத் தகடுகளால் மூடிய பிளாக் பிரின்ஸ் என்ற வண்டியை 1954இல் காட்சிக்கு வைத்தார். எண்ணம் சரி, ஆனால் காலம் கடந்துவிட்டது. 1955ஆம் ஆண்டு கோடையில், வின்சென்ட் உரிமையாளர் சங்கத்தின் விருந்தில், நட்டத்தைத் தாங்க இயலாததால் மோட்டார் சைக்கிள் தயாரிப்பை நிறுத்தப் போவதாக அவரே அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் நியூசிலாந்தில் ரஸ்ஸல் ரைட் என்பவர் வின்சென்ட் வண்டியில் மணிக்கு 185 மைல் தொட்டு உலக வேகச் சாதனை படைத்தார். உலகிலேயே வேகமான வண்டி என்ற பெயரோடு தொழிற்சாலையின் கதவு மூடியது. டிசம்பரில் கடைசி வண்டி வெளியே வந்தது.

அந்த மாணவிக்கு நான் சொன்னது இதுதான். வின்சென்ட் ஒவ்வொரு பாகத்தையும் எதற்கு என்று கேட்டார். ஆனால் ஒரு கேள்வியை அவர் அந்த அளவுக்கு அழுத்திக் கேட்கவில்லை: இதை எத்தனை பேரால் வாங்க முடியும்? வரைபடத்தில் விலைக்குக் கோடு கிடையாது. ஆனாலும் விலையும் அந்த இயந்திரத்தின் ஒரு பாகம்தான். அந்தப் பாகம் உடைந்தால், மற்றவை எல்லாம் நன்றாக இருந்தும் வண்டி நின்றுவிடும்.

நிறுவனம் போனது, வண்டி நின்றது

இர்விங் பிற்காலத்தில் ரெப்கோ நிறுவனத்துக்காக வடிவமைத்த இன்ஜின், 1966ஆம் ஆண்டு ஜாக் பிரபாமுக்கு ஃபார்முலா ஒன் உலக வெற்றியாளர் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. வின்சென்ட்டுக்கு அத்தகைய இரண்டாம் வெற்றி கிட்டவில்லை. புதிய இன்ஜின்களைப் பற்றிச் சிந்தித்தபடியே வாழ்ந்து, 1979ஆம் ஆண்டு காலமானார்.

போருக்குப் பிறகு ஸ்டீவனேஜில் செய்யப்பட்டவை மொத்தம் ஏறத்தாழ 11,000 வண்டிகளே. அவற்றில் பிளாக் ஷேடோ 1,700 அளவில்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவில் வேகச் சாதனை படைத்த பிளாக் லைட்னிங் என்ற பந்தய வின்சென்ட் ஒன்று, 2018இல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் 929,000 டாலருக்கு விலைபோனது. செய்தித்தாள்கள் அந்த எண்ணைத்தான் பெரிதாக எழுதின.

எனக்கு அதைவிடப் பெரியதாகத் தோன்றுவது வேறொன்று. 1948இல் தொடங்கிய உரிமையாளர் சங்கம் இன்றும் இருக்கிறது. உதிரிபாகம் கிடைக்காமல் வண்டிகள் மூலையில் முடங்கிவிடக் கூடாது என்று, அதன் உறுப்பினர்கள் 1975இல் உதிரிபாகத்துக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பழைய வரைபடங்களைப் பார்த்துப் பாகங்களைப் புதிதாகச் செய்தார்கள். ஒரு கட்டத்தில், புதிய பாகங்களைக் கொண்டே ஒரு பிளாக் ஷேடோவை முழுமையாகக் கட்டி எழுப்பினார்கள். தாய் நிறுவனம் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பிறகு நடந்தது இது.

அது எப்படி முடிந்தது? கழற்றவும் மாட்டவும் ஏற்றபடி அந்த வண்டி வடிவமைக்கப்பட்டிருந்தது. அதைப் பழுதுபார்க்கப் போகிறவரை மனத்தில் வைத்தே ஒவ்வொரு திருகும் வைக்கப்பட்டது. சாலையோரத்தில் மழையில் நிற்கும் ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்த வசதி, பல பத்தாண்டுகள் கழித்து அந்த வண்டியின் உயிரைக் காத்தது.

மாணவர்களே, உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டாரின் அருகே இன்று சற்று உட்கார்ந்து பாருங்கள். ஏதேனும் ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுங்கள். இது எதற்காக இருக்கிறது? இன்னொரு வேலையையும் இதனால் செய்ய முடியுமா? இது பழுதானால் கழற்றுவது எளிதா? இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடையை ஒரு தாளில் எழுதுங்கள். வரையவும் முயலுங்கள், கோடு கோணலானாலும் பரவாயில்லை. பிறகு ஐந்தாவதாக, இதைச் செய்ய என்ன செலவாகும் என்பதையும் எழுதுங்கள். வின்சென்ட் கொடுத்த விலையில் நாம் பெற்ற பாடம் அது.